சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது: பழைய காரின் ஸ்டார்ட்டிங் கோளாறு

அடியோடு ஸ்டார்ட் ஆகாத காரில் பழுதைத் தேடுவது அவ்வளவு கடினமல்ல. பழுது எங்கும் போய்விடாது. ஒவ்வொன்றாகச் சோதித்தால் பிடிபட்டுவிடும். காலையில் எடுத்து, மதியம் மறுத்து, மாலையில் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும் கார்தான் உரிமையாளரையும் மெக்கானிக்கையும் ஒருசேர அலைக்கழிக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் முதல் திருப்பிலேயே எடுத்துவிடும். சோதிக்க எதுவும் இல்லாததால் ஊகத்தில் புதுப் பேட்டரி போடப்படும்; அடுத்த மாதம் செல்ஃப் மோட்டார் மாறும்; அதற்கடுத்து காயில். பல ஆயிரம் ரூபாய் செலவான பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். பல நேரங்களில் உண்மையான காரணம் பச்சைக் களிம்பு பிடித்த ஓர் எர்த் இணைப்பாகவோ, தேய்ந்துபோன சாவி சுவிட்சாகவோ இருக்கும். ஆகவே கார் எடுக்க மறுக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே அளந்து பார்ப்பதுதான் இந்தக் கோளாறுக்கு வழி. எடுக்கிற காரில் நூறு சோதனை செய்தாலும் பயன் மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் இன்னும் ஓடும் பழைய கார்களை ஸ்டார்ட்டிங் நோக்கில் மூன்று வகையாகப் பார்க்கலாம். அம்பாசடர் பெட்ரோல், பிரீமியர் பத்மினி, 2000க்கு முந்தைய மாருதி 800 ஆகியவை பெரும்பாலும் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்டவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான், 2014 வரை தயாரான பிந்தைய மாருதி 800 ஆகியவை எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் மின்னணு எரிபொருள் பீய்ச்சும் முறை கொண்டவை. டாடா இண்டிகா, அம்பாசடர் போன்றவற்றின் டீசல் கார்கள் மூன்றாம் வகை. செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் மூன்றுக்கும் பொது. அதற்கு மேல் வழிகள் பிரிகின்றன.

படூர் போன்ற ஊரில் இன்னொன்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ராஜீவ் காந்தி சாலையில் கேளம்பாக்கத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் இவ்வூருக்குக் கிழக்கே முட்டுக்காடு உப்பங்கழியும், அதைத் தாண்டிக் கோவளம் கடற்கரையும் உள்ளன. தெற்கே கேளம்பாக்கத்தின் உப்பளங்கள். பிற்பகலில் வீசும் கடற்காற்று உப்பைச் சுமந்துவருகிறது. திறந்தவெளியில் நிற்கும் காரில் அந்த உப்பு முதலில் தாக்குவது மின் இணைப்புகளைத்தான். 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தச் சாலையை ஒட்டிய பகுதிகளில் தண்ணீர் தேங்கியது. தரைவிரிப்பு நனையும் அளவுக்கு நீரில் நின்ற கார் அப்போது சரிசெய்யப்பட்டிருந்தாலும், கனெக்டர்களுக்குள் தொடங்கிய அரிப்பு பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறாகத் தலைகாட்டும். பழைய கார் வாங்குபவர் அது எந்த மழையில் எங்கே நின்றது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் கேள்வி: எஞ்சின் சுற்றுகிறதா?

‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வாக்கியம் முற்றிலும் வேறுபட்ட இரண்டு நோய்களைக் குறிக்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பற்றவில்லை என்பது மற்றொன்று. முதலாவதில் பெட்ரோலையோ பிளக்கையோ பார்ப்பது வீண்வேலை. இரண்டாவதில் பேட்டரியை மாற்றுவது வீண்செலவு. பட்டறைக்குப் போகும்போது இந்த வேறுபாட்டைச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும்.

அடுத்து, கோளாறு வரும் சூழலைக் குறித்து வைக்க வேண்டும். காரிலேயே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். மறுத்தபோது எஞ்சின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, மழையா, வெயிலா, டேஷ்போர்டு விளக்குகள் எரிந்தனவா, மங்கினவா, எவ்வளவு நேரம் கழித்து, என்ன செய்தபின் எடுத்தது. ஏழெட்டுக் குறிப்புகள் சேர்ந்தாலே ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். கேளம்பாக்கம் கடைத்தெருவில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் மறுக்கும் காரும், ஐப்பசி மழைக்குப் பிந்தைய காலைகளில் மட்டும் மறுக்கும் காரும் வேறு வேறு இடத்தில் பழுதுபட்டவை.

கருவிகள் அதிகம் தேவையில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், உபரியாக ஒரு ஸ்பார்க் பிளக், உப்புத்தாள், சில ஸ்பேனர்கள். சோதனைக்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். கையிலுள்ள மோதிரம், உலோக வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட மோதிரம் விரலைச் சுட்டுவிடும்.

செல்ஃப் எடுக்காதபோது

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்ப்பது பழைய முறை. இன்றும் சிறந்த முறை. விளக்கு அறவே அணைந்துபோனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனையிலேயே இணைப்பு விட்டிருக்கிறது. விளக்கு சற்று மங்கி, ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம் மட்டும் வந்தால் மின்சாரம் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு வரை வருகிறது, மோட்டார் சுற்றவில்லை. ‘டக் டக் டக்’ என்று விரைவாகத் தொடர்ந்தால் பேட்டரி பலவீனம் அல்லது மோசமான இணைப்பு. விளக்கு மங்கவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஆணையே செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, இடையிலுள்ள வயர் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியை ஊகிக்காமல் அளக்க வேண்டும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0க்குக் கீழே போனால் நம்பிக்கை இல்லை. இது போதாது. செல்ஃப் சுற்றும்போதே மீட்டரைப் பார்க்க வேண்டும். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. ஓய்வில் 12.6 காட்டி, சுற்றும்போது 8க்கு விழும் பேட்டரி உள்ளே தளர்ந்துவிட்டது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வகைப் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும்: ஆறு செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.030க்கு மேல் குறைந்து நின்றால் அந்தப் பேட்டரியின் காலம் முடிந்தது. வெப்பம் பேட்டரியின் எதிரி. இந்தக் கரையோரத்தில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பேட்டரி நம்பகமாக உழைப்பது அரிது.

பேட்டரி சரி என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது எர்த். பழைய கார்களில் இந்தக் கோளாறுக்கு அடிக்கடி காரணமாக இருப்பதும், அடிக்கடி கவனிக்கப்படாமல் போவதும் இதுதான். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்சாரம் எஞ்சினிலிருந்து பின்னப்பட்ட செம்புப் பட்டை வழியாகத்தான் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. அந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் உப்புத் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது, கையால் ஆட்டினாலும் அசையாது. ஹாரன், விளக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் கேட்கும் அளவு மட்டும் அதில் போகாது. வெயில், அதிர்வு, ஈரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அந்தத் தொடுபுள்ளி மாறிக்கொண்டே இருப்பதால் கோளாறும் வந்து வந்து போகும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. மீட்டரை 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்தண்டிலேயே (கிளாம்பில் அல்ல) அழுத்திப் பிடிக்க வேண்டும். சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைக்க வேண்டும். இன்னொருவர் சாவியைத் திருப்ப, மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் சரி. 0.5, 1 என்று ஏறினால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. இதேபோல் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அளந்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது. சுற்றும்போது மட்டுமே இந்த அளவீடு பொருள்படும். மின்சாரம் ஓடாத கம்பியில் இழப்பும் இல்லை.

எர்த் பட்டையை இரு முனைகளிலும் கழற்றி, தொடும் இடங்களை உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும். ஜெல்லியைப் பூசிவிட்டு இறுக்குவது தவறு என்று சிலர் சொல்வர். நன்றாக இறுக்கினால் பெரிய கேடு இல்லை, ஆனாலும் இறுக்கியபின் பூசுவதே சுத்தமான வேலை. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பட்டையின் இழைகளில் பச்சை படர்ந்து நொறுங்கியிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். கடலோரத்தில் நிற்கும் காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் புரட்டாசியில், இந்த வேலையைச் செய்துவிடலாம்.

பேட்டரியும் எர்த்தும் தேறிவிட்டால் சொலினாய்டின் சிறிய முனைக்கு வரவேண்டும். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது அங்கே பத்தரை வோல்ட்டாவது வரவேண்டும். ஏழு, எட்டு வந்தால் சாவி சுவிட்சின் உள்தகடு தேய்ந்திருக்கிறது அல்லது வழியில் ஒரு கனெக்டர் அரித்திருக்கிறது. எஞ்சின் சூடானதும் சொலினாய்டின் சுருளில் மின்தடை கூடுவதால், குளிரில் போதுமாக இருந்த மின்னழுத்தம் சூட்டில் போதாமல் போகும். நல்ல பேட்டரி இருந்தும் சூட்டில் மட்டும் ‘டக்’ சத்தமே வராத பல கார்களின் கதை இதுதான். சுவிட்சை மாற்றுவது ஒரு தீர்வு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக ஒரு 12 வோல்ட் ரிலே வைத்து, சாவி சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்குமாறு செய்வது பழைய கார்களுக்கு இன்னும் நிலையான தீர்வு.

சிறிய முனைக்கு முழு மின்னழுத்தம் வந்தும் மோட்டார் அசையாவிட்டால் பழுது மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் மோட்டாரின் உடலை ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சுற்றத் தொடங்குகிறதா? அப்படியானால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டி எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளாமல் பிரஷ்ஷையும் புஷ்ஷையும் மாற்றிவிட வேண்டும். முழு மோட்டாரும் பெரும்பாலும் தேவைப்படாது. எச்சரிக்கை ஒன்று: செல்ஃபைத் தொடர்ச்சியாகப் பத்து வினாடிக்கு மேல் சுற்றக்கூடாது. இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுக்காவிட்டால் நல்ல மோட்டாரும் கருகும்.

நின்றே இருக்கும் கார்

கம்பெனிப் பேருந்தில் வேலைக்குப் போய்விட்டு வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர்கள் இந்தச் சாலையில் அதிகம். அவர்களுக்கு ஒரு ஞாயிறு எடுத்த கார் அடுத்த ஞாயிறு எடுக்காது. ஜம்ப்பர் கேபிள் போட்டால் எடுக்கும், மறுநாளும் எடுக்கும். ஆகவே விட்டுவிட்டு வரும் கோளாறுபோல் தோன்றும். காரணம் மின்கசிவு. பின்னர் மாட்டிய சென்ட்ரல் லாக், அலாரம், ஸ்டீரியோ ஆகியவை கார் நிற்கும்போதும் மின்சாரம் குடிக்கின்றன. கசிவு 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, பதினைந்து நாளில் 18. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

அளக்க, எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைத்து அரைமணி நேரம் பொறுத்துப் படிக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிட்டால் மீட்டர் கெட்டுவிடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்; எது பிடுங்கப்பட்டதும் அளவு சரிகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு.

சார்ஜ் ஏறுவதையும் உடனே பார்த்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பட்டறைகளில் டைனமோ என்று சொல்லப்படும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி முனையைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கணினி உள்ள எந்தக் காரிலும் இதைச் செய்ய அனுமதிக்கக்கூடாது. அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் இ.சி.யு. எனும் அந்தக் கணினியையும் சேர்த்துக் கெடுக்கும்.

சுற்றியும் பற்றாதபோது

இங்கே கேள்வி இரண்டு: தீப்பொறி வருகிறதா, எரிபொருள் வருகிறதா?

கார்புரேட்டர் காரில் உபரி பிளக்கை ஒரு பிளக் வயரில் மாட்டி, அதன் உலோக உடலை ஜம்ப்பர் வயரால் எஞ்சினோடு சேர்த்து, செல்ஃபைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீல நிறத்தில் ‘டப் டப்’ என்று அடித்தால் தீப்பொறி நலம். மஞ்சளாகவோ மெலிந்தோ வந்தால் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். அம்பாசடரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கண்டென்சரும் காயிலும் குளிர்ந்தபோது நலமாக இருந்து, சூடேறியபின் மட்டும் மறுக்கக்கூடியவை. ஆகவே அவற்றைச் சூட்டிலேயே, கார் மறுத்த அதே இடத்தில் சோதிக்க வேண்டும். மழைக்காலக் காலைகளில் மட்டும் மறுக்கும் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் மயிரிழை வெடிப்பையும் பழைய பிளக் வயர்களையும் பார்க்க வேண்டும். இரவில் பானெட்டைத் திறந்து, விளக்கில்லாத இடத்தில் எஞ்சின் ஓடும்போது வயர்கள்மேல் மெல்லிய நீர்த்தூவல் தெளித்தால், மின்சாரம் கசியும் இடம் நீலக் கோடுகளாகத் தானே காட்டிக்கொடுக்கும். கையை மட்டும் விலக்கியே வைத்திருக்க வேண்டும்.

தீப்பொறி நன்றாக இருந்தும் சூட்டில் மறுத்தால் பெட்ரோல்தான். எஞ்சின் நின்றதும் அதன் வெப்பம் மேலேறி, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலைக் கொதிக்கவைத்து எஞ்சினுக்குள் வழியச் செய்யும். சித்திரை, வைகாசி நண்பகலில், பத்து முதல் முப்பது நிமிடம் நிறுத்திய காரில் இது சாதாரணம். ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி, பம்ப் அடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃபைச் சுற்றினால் எடுத்துவிடும். இந்த நேரத்தில் சோக் இழுத்தால் நிலைமை மோசமாகும். மாறாக, பெட்ரோலே வராமல் போவதும் உண்டு. ஏசி பம்ப் என்று சொல்லப்படும் பெட்ரோல் பம்ப்பிலோ எஞ்சினை ஒட்டிய குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. ஏசி பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுச் சில நிமிடம் பொறுத்து எடுத்தால் காரணம் உறுதியாகிறது. கார்புரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத்தடுப்புத் துண்டு உடைந்தோ விடுபட்டோ இருந்தால் இந்த இரண்டு தொல்லைகளும் கூடும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இப்போது பங்குகளில் அதுவே பொதுவாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் ஏசி பம்ப்பின் டயாஃப்ரமையும் கெடுக்கும். பழைய கார் வைத்திருப்பவர் அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதிருப்பதும் அவசியம்.

எம்.பி.எஃப்.ஐ. காரில் காதே முதல் கருவி. சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு, மூன்று வினாடிகள் பெட்ரோல் பம்ப்பின் முனகல் கேட்க வேண்டும். கார் மறுக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், பம்ப் ரிலே, பம்ப் என்ற வரிசை. ரிலேயை அதே மாதிரியான இன்னொரு ரிலேயுடன் இடம் மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. சத்தம் இருந்தும் நெடுநேரம் சுற்றியபின்தான் பற்றுகிறது என்றால், சாவியை இரண்டு, மூன்று முறை ஆன் செய்து அணைத்து, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே எடுத்தால் நின்றிருக்கும்போது குழாயில் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று பொருள்.

சூடானால் திடீரென்று நின்று, ஆறியபின் எதுவும் நடக்காததுபோல் ஓடும் காரில் கிராங்க் சென்சரைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்.பி.எம். முள் உள்ள காரில், செல்ஃப் சுற்றும்போது அந்த முள் சற்றும் அசையாதது நல்ல தடயம். சாவி ஆன் நிலையில் ‘செக் எஞ்சின்’ விளக்கே எரியவில்லையென்றால் இ.சி.யு.வுக்கு மின்சாரம் போகவில்லை. மெயின் ரிலேயும் எஞ்சின் அறையிலுள்ள எர்த் முனைகளும் பார்க்கப்பட வேண்டும். சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாகச் சிமிட்டினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. வளையத்திலிருந்து மற்றச் சாவிகளை நீக்கியும், உபரிச் சாவியாலும் முயன்று பார்க்கலாம்.

டீசலில் வேலை குறைவு. இங்கே கடுங்குளிர் இல்லாவிட்டாலும் இண்டிகா போன்ற பழைய எஞ்சின்களுக்கு அதிகாலையில் ஹீட்டர் பிளக் தேவை. சாவியை ஆன் செய்ததும் பம்ப்பின்மேல் உள்ள ஸ்டாப் சொலினாய்டில் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். இரவு நின்றபின் நெடுநேரம் சுற்றினால்தான் எடுக்கும் டீசல் பெரும்பாலும் எங்கோ ஏர் எடுக்கிறது. ஃபில்டருக்குப் பின் ஒரு துண்டு ஒளிபுகும் குழாய் பொருத்தினால் குமிழ்கள் தெரியும்.

வலை விரித்து வைத்தல்

எவ்வளவு தேடியும் சோதனை நேரத்தில் கோளாறு வரவில்லையென்றால், அது வரும்போது காட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டைக் காரிலேயே விட்டுவைக்க வேண்டும். சொலினாய்டின் சிறிய முனையிலிருந்து ஃபியூஸுடன் ஒரு வயரை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து சிறு பல்பு இணைக்கலாம். எம்.பி.எஃப்.ஐ. காரில் பெட்ரோல் பம்ப்பின் வயரிலிருந்தும் அப்படியே இன்னொன்று. அடுத்தமுறை செல்ஃப் எடுக்காதபோது முதல் பல்பு பிரகாசமாக எரிந்தால் பழுது மோட்டார், எர்த், பெரிய கேபிள் பக்கம்; எரியாவிட்டால் சாவி சுவிட்ச் பக்கம். செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பற்றாதபோது இரண்டாவது பல்பு அணைந்திருந்தால் ரிலேயும் ஃபியூஸும். எரிந்தும் முனகல் இல்லையென்றால் பம்ப்பும் அதன் எர்த்தும். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலோ, நள்ளிரவிலோ கோளாறு வந்தாலும் ஓட்டுபவரே பார்த்துக் குறித்துக்கொள்ள முடியும்.

மாற்றிய பாகம் உண்மையிலேயே குற்றவாளியா என்பதை உறுதிசெய்ய, பட்டறையில் பத்துமுறை ஸ்டார்ட் செய்து காட்டுவது போதாது. நோட்டில் குறித்த அதே சூழலை உண்டாக்க வேண்டும்: சூட்டில் மறுத்த கார் என்றால் திருப்போரூர் வரை ஓட்டி, கால்மணி நேரம் வெயிலில் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும், ஈரத்தில் மறுத்தது என்றால் அடுத்த மழைவரை பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். மாற்றியபின் அதே இடத்தில் மீண்டும் வோல்ட் அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும்.